ஆறு கோடி வருடத்து நாய்க்கால்

பயணக் கட்டுரை எழுத வேண்டுமென்றால் ஒரு கடலையாவது தாண்டியிருக்க வேண்டும் என்பது என் தோழி ஒருத்தியின் கட்சி. பத்து நாளில் ஒன்பது ஐரோப்பிய நாடுகளைப் பார்த்துவிட்டு வந்தவள் அவள். நான் ஐந்து நாளில் இரண்டே ஊர்களைப் பார்த்தேன். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டுக்கும் விசா தேவையில்லை. ஆனாலும் ரயிலை விட்டு இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மெட்ராஸா? எங்கிட்டுப் போவணும்?" என்று கேட்டபோது அயல்நாட்டில் இறங்கிய உணர்வு வரத்தான் செய்தது. நான் இன்னும் வாயே திறந்திருக்கவில்லை.

நடுநிலைப் பள்ளிகளுக்கு அறிவியல் பாடக் குறிப்புகள் எழுதுவது என் பிழைப்பு. எழுதுவதோடு நிற்காமல் அவ்வப்போது ஏதாவது ஒரு பள்ளிக்குப் போய், பல வருடங்களாகப் பாடம் நடத்துகிறவர்களுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று சொல்லித் தர வேண்டும். அவர்களும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள். இந்த முறை எட்டாம் வகுப்பு. புதைபடிவம், பரிணாமம், உயிரினங்களை வகைப்படுத்துதல். நான்கு நாள் வகுப்பு, ஐந்தாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் அறிவியல் கண்காட்சி.

திங்கட்கிழமை காலை விடுதிக்கு எதிர்க்கடையில் இட்லி சாப்பிட்டேன். எங்கள் பேட்டையில் இரண்டாவது முறை சட்னி கேட்டால் சர்வர் காதில் விழாதது போலப் போய்விடுவார். இங்கே ஒருவர் சாம்பார் வாளியோடு என் பக்கத்திலேயே நின்றுகொண்டார். "நல்லா ஊத்திச் சாப்புடுங்க. வெறும் இட்லியவா திங்கிறது?" என்று அதட்டல் வேறு. மூன்றாவது இட்லி சாம்பாருக்குள் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடித்தேன்.

பள்ளிக்கூடம் ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். தலைமையாசிரியர் வேலுச்சாமி சார் வாசலுக்கே வந்து வரவேற்றார். கழுத்தில் எப்போதும் ஒரு கைத்துண்டு, கையில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. அறிவியல் ஆசிரியை ஜெயராணி டீச்சர் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மெலிந்த உருவம், வேகமான நடை. கணவர் ராணுவத்தில், வடக்கே எங்கோ எல்லையில். மதிய மணி அடித்ததும் டீச்சர் காணாமல் போய்விடுவார், அடுத்த மணிக்குள் மூச்சிரைக்கத் திரும்பிவிடுவார். இரண்டு தெரு தள்ளி வீடு. படுக்கையில் இருக்கும் மாமியாருக்குச் சோறு ஊட்டிவிட்டு, திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வருகிறார் என்று பிள்ளைகள்தான் எனக்குச் சொன்னார்கள்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புச் சுரங்கத்தில் கிடைத்த ஒரு புதைபடிவத்தைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். கடலில் வாழ்ந்த சுருள் ஓட்டு உயிரி ஒன்றின் பாதி உடல். அதை இரண்டு கையாலும் ஏந்தி, குரலைத் தாழ்த்தி, "இது ஆறு கோடி வருஷத்துக்கும் மேல பழசு" என்றேன். வகுப்பு மூச்சடைத்துப் போகும் என்று எதிர்பார்த்தேன். பின் பெஞ்சிலிருந்து, "கல்லு மாதிரியே இருக்கு மிஸ்" என்று ஒரு குரல் வந்தது.

"ஆறு கோடின்னு யாரு எண்ணுனா?" என்று கேட்டாள் முதல் பெஞ்சுப் பெண். பெயர் முத்துச்செல்வி. எண்ணெய் வழியும் இரட்டைச் சடை. கேள்வி கேட்டுவிட்டு பதில் வரும்வரை உட்காராத சுபாவம். பாறை அடுக்குகளைப் பற்றியும் பாறைக்குள் இருக்கும் சில பொருட்கள் சீரான வேகத்தில் மாறிக்கொண்டே வருவதைப் பற்றியும் கால் மணி நேரம் சொன்னேன். அந்த நேரம் பார்த்து வராந்தாவில் போன தலைமையாசிரியர் "ஆறு கோடி" என்ற பகுதியை மட்டும் கேட்டுவிட்டு, திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டே கடந்து போனார். மீதிப் பாடத்தையும் நின்று கேட்டிருக்கலாம்.

வகைப்படுத்துதலுக்கு நான் எடுத்துப்போனது ஒரு பை நிறையப் பொத்தான்கள். பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் நிறவாரியாகப் பிரித்துப்போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். ஜெயராணி டீச்சர்தான் என்னைக் காப்பாற்றினார். "சரி, நம்மூர் நாய்களப் பிரிங்க பாப்போம்" என்றார். வகுப்பு தீப்பிடித்துக்கொண்டது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி, அப்புறம் "சும்மா நாய்" என்று ஐந்து பிரிவுகள் கரும்பலகையில் ஏறின.

"ராஜபாளையம் தனி உயிரினம் மிஸ். அது பிஸ்கட் திங்காது."

"எங்க தெருவுல திங்கும்."

"அது சும்மா நாயாச்சே!"

சும்மா நாய்க்கும் ராஜபாளையம் நாய்க்கும் குட்டி பிறக்குமா, அந்தக் குட்டிக்குக் குட்டி பிறக்குமா என்று டீச்சர் கேட்டார். பிறக்கும் என்று ஆளுக்கொரு சாட்சி சொன்னார்கள். அப்படியென்றால் அம்புட்டும் ஒரே இனம் என்று பத்து நிமிடத்தில் முடிவானது. ராஜபாளையம் நாய்க்கு வெள்ளை நிறத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்றதற்கு, "ஆளுகதான்" என்றாள் முத்துச்செல்வி. எழுதி வந்த குறிப்புகளை நான் மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை புதைபடிவம் செய்தோம். கண்மாயிலிருந்து களிமண், பெயின்ட் கடையிலிருந்து பிளாஸ்டர் மாவு. களிமண்ணில் எதையாவது அழுத்தித் தடம் எடுத்து, அதில் மாவைக் கரைத்து ஊற்றினால் அச்சு கிடைக்கும். பிள்ளைகள் வேப்பிலை, சிப்பி, புளியங்கொட்டை, ஒருவன் கடித்த முறுக்கு என்று அழுத்தினார்கள். ஜன்னலோரம் முத்துச்செல்வி தன் பலகையைக் காய வைத்திருந்தபோது பக்கத்து வீட்டு நாய் உள்ளே வந்தது. சுத்த வெள்ளை, ரோஸ் மூக்கு, நீண்ட கால். யாரையும் சட்டை செய்யாமல் அந்தக் களிமண்ணில் அழுத்தமாக ஒரு கால் வைத்துவிட்டு வெளியே போனது.

நாயின் சொந்தக்காரரான ராஜா காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலை நீட்டினார். நாயிடம் தெலுங்கில், "அடி என் கண்ணே, காலெல்லாம் சேறாயிருச்சே, யார் செய்தது இப்படி?" என்று உருகினார். பிள்ளைகள் எனக்கு மொழிபெயர்த்தார்கள். பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில், "ஏலே, எதையும் மூடி வைக்க மாட்டியளா?" என்று கத்தினார். அவர் கொஞ்சுவது தெலுங்கில், திட்டுவது தமிழில் என்று பள்ளிக்கே தெரிந்திருந்தது.

அந்தத் தடத்தில் மாவு ஊற்றியபோது நான்கு விரலும் நகமும் நடுத் திண்டுமாக அற்புதமாக வந்தது. எல்லா அச்சுகளுக்கும் டீத்தூள் தண்ணீரில் நிறம் ஏற்றினோம். மறுநாள் தோண்டி எடுக்கும் பயிற்சிக்காகக் காம்பவுண்டை ஒட்டிய மணலில் பன்னிரண்டையும் புதைத்தோம். சாயங்காலம் மலைப் பக்கமிருந்து சாரல் வந்தது. நான் விடுதி அறையில் உட்கார்ந்து சப்பட்டை மாம்பழம் இரண்டு தின்றேன். சென்னையில் விற்கும் மாம்பழங்களுக்கு இனி நான் மரியாதை தரப்போவதில்லை.

புதன்கிழமை தோண்டினோம். பதினொன்று கிடைத்தது. நாய்க்காலை மட்டும் காணவில்லை. "நாயே வந்து எடுத்துட்டுப் போயிருக்கும்" என்றான் ஒருவன். மழையில் மணல் சரிந்திருந்தது. கொஞ்ச நேரம் தேடிவிட்டு விட்டுவிட்டோம். அதை விட்டது தப்பு என்று எனக்கு வியாழக்கிழமைதான் தெரிந்தது.

மதியத்துக்கு மேல் பூமியின் வயதை அளந்தோம். சென்னையில் இந்தப் பாடத்துக்கு நான் காகிதச் சுருள் பயன்படுத்துவேன், வகுப்பு முடிவதற்குள் அது நாலாகக் கிழியும். முத்துச்செல்வியின் அம்மா பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையில் வேலை பார்க்கிறார். கழிவாகப் போன ஒரு நீளத் துணியைச் சுருட்டிக் கொடுத்தனுப்பியிருந்தார். நாற்பத்தாறு மீட்டர் அளந்து வெட்டினோம். ஒரு மீட்டர் என்றால் பத்துக் கோடி வருடம். பூமி கழிப்பறை வாசலில் பிறந்தது. வெகுதூரத்துக்கு ஒன்றுமே நடக்கவில்லை. சத்துணவுக் கூடத்தைத் தாண்டித்தான் மீன் வந்தது. டைனோசர்கள் முடிந்து போன இடத்தில் ஒரு பையன் படுத்து செத்துக் காட்டினான். துணியின் முனைக்கு அங்கிருந்து ஏறக்குறைய இரண்டு அடிதான் மீதி.

"நாய் எங்க மிஸ்?" என்றாள் முத்துச்செல்வி.

கடைசி ஓரத்து நூலைத் தொட்டுக் காட்டினேன். மனிதனோடு நாய் வாழ ஆரம்பித்ததெல்லாம் அந்த ஒரு நூலுக்குள் அடக்கம் என்றேன். அவள் மண்டி போட்டு நூலைப் பார்த்தாள். பிறகு திரும்பி, டைனோசராகச் செத்துக் கிடந்தவனைப் பார்த்தாள். நடுவில் இருந்த தூரத்தை முழங்கையால் அளந்தாள். இத்தனை வருடம் பாடம் எழுதியதற்கு அந்த ஒரு பார்வை போதும் என்று எனக்குத் தோன்றியது. நெஞ்சு நிறைந்தது என்பதை வெட்கப்படாமல் சொல்லிக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை காலையில் வேலுச்சாமி சார் மரக்கன்று நடக் குழி தோண்டினார். மற்றவர்களை ஏவிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் இல்லை அவர், தானே மண்வெட்டி பிடித்தார். காம்பவுண்டு ஓரம், மணல் சரிந்த இடம். நான் பள்ளிக்குப் போனபோது கைத்துண்டில் எதையோ சுற்றி மார்போடு அணைத்தபடி வாசலில் நின்றார். கண்கள் கலங்கியிருந்தன. "மேடம், நம்ம பள்ளிக்கூடத்து மண்ணுல மேடம்!" என்றார். துண்டைப் பிரித்தார். செவ்வாய்க்கிழமை புதைத்த நாய்க்கால் குளித்து முடித்துப் பளிச்சென்று இருந்தது.

பத்திரிகை நிருபருக்குப் போன் போட்டாகிவிட்டது. கண்காட்சிக்கு வரும் கல்வி அதிகாரியின் அலுவலகத்துக்கும் சொல்லியாகிவிட்டது. வயதும் சொல்லியாகிவிட்டது, ஆறு கோடி. ஜெயராணி டீச்சரும் நானும் அவரை அறைக்குள் கூட்டிப்போய் கதவைச் சாத்தி உண்மையைச் சொன்னோம். அவர் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். டீத்தூள் வாசம் இன்னும் இருந்திருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பொறவு எதுக்குத்தான் அதப் பொதச்சிய?" என்றார் கடைசியில்.

சரியான கேள்விதான். பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "மேடம், ஒங்களுக்கு விஷயம் தெரியாது. புள்ளைக எண்ணிக்கை கொறஞ்சுபோச்சு. இன்னும் எட்டுப் புள்ள சேரலன்னா ஒரு வாத்தியாரு உபரின்னு மாத்திருவாக. கடைசியா வந்தது ஜெயராணி. எங்க தூக்கிப் போடுவாகளோ தெரியாது. அந்தக் கெழவிக்கு யாரு சோறு ஊட்டுறது? பேப்பர்ல ஒரு போட்டோ வந்தா நாலு வீட்டுக்காரவுக நம்ம பள்ளிக்கூடத்தத் திரும்பிப் பாப்பாக. நான் மொதல்ல நெசமின்னுதான் நம்புனேன். இப்ப சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். ஒரு நா கூத்துதான?"

டீச்சர் தரையைப் பார்த்தபடி நின்றார். நான் டீச்சரைப் பார்த்தேன். சென்னையில் இருந்திருந்தால் அறிவியல் மனப்பான்மை பற்றி அரை மணி நேரம் பேசியிருப்பேன். அந்த அறையில் நாய்க்காலைத் திரும்பத் துண்டில் சுற்றி அவரிடம் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ். எட்டுப் பிள்ளைகள், சார், டீச்சர், நான், ஒரு எரிமலை, ஒரு காற்றாலை, ஒரு நாய்க்கால். எரிமலையைக் கண்டக்டரே வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "வெடிக்காதுல்ல?" என்று இரண்டு முறை கேட்டார். பாதி வழியில் எரிமலை வெடிக்கவில்லை, டயர் வெடித்தது. மாம்பழம் ஏற்றிப்போன லோடு ஆட்டோவை சார் கை காட்டி நிறுத்தி, கண்காட்சிப் பொருட்களோடு எங்களையும் பின்னால் ஏற்றினார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தூரத்தில் தெரிந்தபோது நான் ஒரு கூடை மாம்பழத்துக்கும் காற்றாலைக்கும் நடுவில் நசுங்கியிருந்தேன். கோபுரத்தை நான் தரிசித்த கோணத்தில் அதிகம் பேர் தரிசித்திருக்க மாட்டார்கள்.

கண்காட்சி ஒரு பள்ளியின் பெரிய கூடத்தில். எங்கள் மேஜை மேல் சிவப்பு வெல்வெட், அதன் நடுவில் நாய்க்கால். என் அசல் புதைபடிவத்தையும் சார் கொண்டுவந்திருந்தார். மின்விசிறிக் காற்றில் விளக்க அட்டை பறக்காமல் இருக்க அதன் மூலையில் பாரமாக வைத்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் நாய்க்காலைப் படம் பிடித்தார்கள். உண்மையிலேயே ஆறு கோடி வருடங்களைத் தாண்டி வந்த அந்த உயிரியை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நிருபர் பால்கோவா தின்றபடி வந்து, காகிதத்தில் விரலைத் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டைத் திறந்தார்.

விளக்கம் சொல்ல முத்துச்செல்வியைத்தான் நிறுத்தியிருந்தார் சார். "ஆறு கோடின்னு சொல்லணும், என்ன?" என்று பஸ்ஸிலேயே இரண்டு தரம் சொல்லியிருந்தார். அவள் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எதற்காக அப்படிச் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். சிறிய பள்ளியில் கதவைச் சாத்திப் பேசினாலும் எல்லோருக்கும் கேட்கும்.

அதிகாரி வந்தார். அமைதியான மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அச்சைக் குனிந்து பார்த்தார். வேலுச்சாமி சார் என் பக்கம் கை நீட்டி, "மேடம் சென்னையிலேர்ந்து வந்திருக்காங்க. இதுல அவுகதான் நிபுணர்" என்றார்.

"அப்படியா மேடம்? அசல்தானா?" என்றார் அதிகாரி.

இந்தக் கட்டுரையில் நான் எழுதத் தயங்கிய இடம் இதுதான். "இன்னும் ஆய்வு செய்ய வேண்டியிருக்கு சார்" என்றேன். நாக்கு கூசாமல் வந்தது அந்த வாக்கியம். பொய் என்று யாரும் பிடிக்க முடியாது, உண்மை என்றும் யாரும் சொல்ல முடியாது. அதிகாரி தலையாட்டிவிட்டு முத்துச்செல்வி பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. இது எத்தன வருஷத்துக்கு முந்தினது?"

அவள் தலைமையாசிரியரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் மேஜை விரிப்பைச் சரி செய்தேன். பிறகு ஜெயராணி டீச்சரைப் பார்த்தாள். டீச்சரின் முகம் வெளுத்திருந்தது. சேலை முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தார். "ஒனக்குத் தெரிஞ்சதச் சொல்லு, தாயி" என்றார்.

"செவ்வாக்கெழம பண்ணுனது சார்" என்றாள் முத்துச்செல்வி. "நாங்கதான் பண்ணுனோம். சாருக்குத் தெரியாது, மண்ணுல கெடந்ததப் பாத்துட்டு நெசமின்னு நெனச்சுட்டாக. இது ஆறு கோடி வருஷமா இருக்கவே முடியாது சார். அப்ப நாயே கெடையாது. நாய் வந்தது துணியில கடைசி நூல்லதான். ஆறு கோடின்னா ரெண்டடி தள்ளி." இரண்டு கைகளையும் விரித்து இரண்டு அடி எவ்வளவு என்று காட்டினாள். சாரின் கதையில் அவர் தெரிந்தே சொன்ன பாதியைக் கழித்துவிட்டு, நம்பிச் சொன்ன பாதியை மட்டும் எடுத்து அவருக்குக் குடை பிடித்திருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

பின்னால் யாரோ சிரித்தார்கள். துணி என்னவென்று அதிகாரிக்குப் புரியவில்லை, ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொண்டார். "நல்லாப் படிச்சிருக்கே" என்று அவள் தோளில் தட்டினார். அடுத்த மேஜைக்குப் போனார். நிருபர் குறிப்பேட்டை மூடிக்கொண்டு அவர் பின்னால் போனார். முதல் பரிசு, சிவப்புச் சாயமும் சோடா உப்பும் பொங்கி வழிந்த ஒரு எரிமலைக்கு. அது எங்கள் எரிமலைகூட இல்லை.

திரும்புகிற வழியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வேலுச்சாமி சார் பால்கோவா வாங்கினார். வாழையிலைத் துண்டில் சூடாக வந்தது. முதல் பங்கை முத்துச்செல்வியிடம் நீட்டினார். "ரெண்டடின்னு அளவு கரெக்டாத்தான் சொன்ன, ஏட்டி" என்றார். அவள் வாங்கிக்கொண்டாள், தின்னவில்லை. சென்னையில் பொட்டலத்தில் வாங்கித் தின்றதெல்லாம் பால்கோவாவே இல்லை என்று எழுத நினைத்திருந்தேன். அன்றைக்கு எனக்கு அதன் ருசி தெரியவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஜெயராணி டீச்சர் போன் செய்தார். மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. காரியாபட்டிக்கு அந்தப் பக்கம், மூன்று பஸ் மாற வேண்டும். மாமியாரைத் தேவதானத்தில் நாத்தனார் வீட்டில் விட்டிருக்கிறார். "அங்க அவியளுக்கு எடம் புடிக்கல. என் கையால ஊட்டுனாத்தான் எறங்கும்னு அடம்" என்றார். எனக்குத் தெரிந்த ஆறுதல்களை எல்லாம் சொன்னேன். நான் அன்றைக்குப் பேசியிருக்க வேண்டும் என்றும் சொன்னேன். "நீங்க பேசாததும் எனக்காகத்தான, விடுங்க" என்றார் டீச்சர். அது முழு உண்மை இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

பிறகு டீச்சர் சொன்னார். "கடைசி நாளு முத்துச்செல்வி என்கூட வாசல் வரைக்கும் வந்தா, அக்கா. 'நான் அன்னைக்கு ஆறு கோடின்னு சொல்லியிருந்தா நீங்க இங்கனயே இருந்திருப்பீங்களா டீச்சர்'னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'இல்ல தாயி, நீ என்ன சொல்லியிருந்தாலும் மாத்தியிருப்பாக'ன்னு சொன்னேன். அந்தப் புள்ளகிட்ட அதுவரைக்கும் ஒரு பொய் சொன்னதில்ல நான்."

"நம்பினாளா?"

போனில் ஒரு பஸ்ஸின் ஹாரன் சத்தம் கேட்டது. அது ஓயும்வரை டீச்சர் காத்திருந்தார்.

"எங்க நம்புறா, அக்கா? 'அதுக்கு என்ன ஆதாரம்?'னு கேக்கா."